கார் ஆடியதற்கு 27,100 ரூபாய். காரணம் ஒரு கட்டி கரிசல் மண்

ஹைவேயில் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று ஒர்க்ஷாப்புக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் இப்படி எதையும் படிக்காமல் போனவன்.

என்னுடையது எட்டு வருடத்துப் பெட்ரோல் கார். சின்ன வண்டி, 14 இன்ச் இரும்பு ரிம், அந்த மாடலிலேயே விலை குறைந்த வகை. வீடு திருநகர். ஐப்பசி மழையில் கள்ளிக்குடிப் பக்கம் மைத்துனர் காட்டுக்குப் போயிருந்தோம், மக்காச்சோளம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க. திரும்பும்போது வண்டிப்பாதையில் முன் சக்கரம் இறங்கிவிட்டது. கரிசலைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம்; ஈரத்தில் அல்வா, காய்ந்தால் செங்கல். "மாமா, நீங்க ஸ்டீயரிங்க மட்டும் நேரா பிடிங்க" என்று சொல்லிவிட்டு அவர் டிராக்டர் கட்டி இழுத்தார். வீட்டுக்கு வந்து ஹோஸ் பைப்பைப் பிடித்து வெளிப்புறத்தை மட்டும் கழுவினேன். வண்டி பளபளவென்று ஆகிவிட்டது. அதோடு விஷயத்தை மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் ஊருக்குள்ளேயே ஓடியது. ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு கல்யாணத்துக்கு விருதுநகர் கிளம்பினோம். கப்பலூர் தாண்டி வேகம் 75-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கைக்குள் துடிக்க ஆரம்பித்தது. 90-ல் டாஷ்போர்டில் இருந்த பிள்ளையார் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டார். 105-க்குப் போனால் கொஞ்சம் அடங்கியது. 60-க்குக் கீழே சுத்தமாக இல்லை. இந்த நான்கு வாக்கியங்களிலேயே நோயின் பெயர் இருக்கிறது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் கேட்கவுமில்லை.

மறுநாள் ஊருக்குள் ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். உரிமையாளர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். குறுக்கே ஆட்டோ, மாடு, பள்ளிக்கூட வேன்; 30-க்கு மேல் போயிருக்க வாய்ப்பே இல்லை. இறங்கியதும், "சார், ரெண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் போச்சு. இப்படியே ஓட்டுனீங்கன்னா ஹைவேஸ்ல கழண்டுரும். ஃபேமிலியோட போறீங்க" என்றார். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. (டிரைவ் ஷாஃப்ட் என்பது இன்ஜினின் சுழற்சியை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு.)

சாயங்காலம் போனபோது வேலை முடிந்திருந்தது. ஒரு சிமென்ட் சாக்கைப் பிரித்து, கிரீஸ் வழியும் இரண்டு பழைய ஷாஃப்ட்டுகளைக் காட்டினார்கள். ஒன்றில் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து தொங்கியது, பக்கத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. வீட்டில் கணக்குக் கேட்டால் காட்ட வேண்டுமே என்று படம் எடுத்துக்கொண்டேன். ஷாஃப்ட் இரண்டுக்கு 15,600, லோயர் ஆர்ம் புஷ் 2,800, கூலி 4,500. ஆக 22,900 ரூபாய்.

ஆட்டம் அப்படியே இருந்தது. "புது பார்ட்டு சார், செட் ஆகணும், 500 கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார்கள். இரும்பு என்ன புதுச் செருப்பா, போட்டு நடந்து பழக? ஆனாலும் ஓட்டினேன். திரும்பப் போனதும், "அப்ப இன்ஜின் மவுண்டிங்தான்" என்று, இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிகளை மாற்றி, இன்னொரு 4,200. அதற்கப்புறமும் பிள்ளையார் நகர்ந்துகொண்டுதான் இருந்தார்.

உண்மை வெளிவந்தது திருமங்கலத்தில், ரோட்டோரத்து டயர் கடை ஒன்றில். நான் போனது காற்று அடிக்க. வண்டி ஆடுவதையும் ஷாஃப்ட் மாற்றியதையும் பேச்சுவாக்கில் சொன்னேன். அந்தப் பையன் கேட்ட முதல் கேள்வி: "எத்தனைல ஆடுதுண்ணே?" இரண்டாவது: "ஸ்டீயரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?" மூன்றாவது: "பிரேக் அடிச்சா கூடுதா?" பதிலைக் கேட்டுக்கொண்டே ஜாக்கியை வைத்து இடது முன் சக்கரத்தைத் தூக்கி, ரிம்முக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினான். ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு தட்டு. பொத்தென்று ஒரு கட்டி விழுந்தது. உள்ளங்கை அகலம், கறுப்பு. ஒரு பக்கம் ரிம்மின் வளைவு அச்சு வார்த்தது போலப் பதிந்திருந்தது. பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தோம், 110 கிராம். போதாததற்கு, பேலன்சிங்குக்காக, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பதற்காக, முன்பு அடித்திருந்த வெயிட் ஒன்று உதிர்ந்து, அது இருந்த தடம் மட்டும் தெரிந்தது.

110 கிராம் மண் ஒரு காரையே ஆட்டுமா என்று நானும் கேட்டேன். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 90 கிலோமீட்டர் வேகத்தில் இந்த அளவுச் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 13 தடவை சுற்றும். ரிம்மின் ஓரத்தில் ஒட்டிய அந்த மண், ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தைச் சுமார் 12 கிலோ பாரத்துக்கு வெளியே இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. ஊருக்குள் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். குறிப்பிட்ட வேகத்தில் சக்கரத்தின் துடிப்பும் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங்கின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போகும்போது ஆட்டம் உச்சத்துக்குப் போகும், அதைத் தாண்டினால் குறையும். 75-ல் தொடங்கி 105-ல் அடங்கியது அதனால்தான்.

இனிதான் முக்கியமான விஷயம். பேலன்சிங் மெஷினில் ஏற்றுவதற்காக வீல் கப்பைக் கழற்றிய பையன் அப்படியே நின்றுவிட்டான். "அண்ணே, ஷாஃப்ட் மாத்துனோம்னா சொன்னாய்ங்க? இந்த நட்டைப் பாருங்க." சக்கரத்தின் நடுவில் பெரிய நட்டு ஒன்று. அது கழன்றுவிடாமல் இருக்க, அதன் விளிம்பை உளியால் தட்டி ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் மடக்கியிருப்பார்கள். அதைக் கழற்றாமல் ஷாஃப்ட்டை வெளியே உருவ முடியாது. மாற்றினால் புது நட்டு போட வேண்டும். என் வண்டியில் மடக்கு அசையவே இல்லை, அதன் மேல் எட்டு வருடத் துரு. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதுல ஏபிஎஸ் பல் சக்கரம் இருக்குண்ணே. உங்க வண்டில ஏபிஎஸ்ஸே இல்லையே." ஏபிஎஸ் என்பது பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு.

வீட்டுக்கு வந்து பில்லை எடுத்தேன். இந்த மாதிரி வண்டிகளில் ஷாஃப்ட்டை உருவினால் கியர் ஆயில் கொட்டிவிடும், புது ஆயில் ஊற்றியாக வேண்டும். பில்லில் அதற்கு ஒரு வரி இல்லை. பொய்க்கணக்கு எழுதுகிறவர் அதையாவது சேர்த்து எழுதியிருக்கலாம்.

நான்கு சக்கரமும் பேலன்ஸ் செய்ய ஆன செலவு 600 ரூபாய். திரும்பும்போது 95 வரை போய்ப் பார்த்தேன். பிள்ளையார் அசையவில்லை.

அந்தப் பையன் கேட்ட மூன்று கேள்விக்கும் இப்போது எனக்கு அர்த்தம் தெரியும். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் பிரேக் டிஸ்க் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். நண்பர் ஒருவருக்குக் கொடைக்கானலில் இருந்து பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கியதில் அது வந்தது. சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது வண்டி உதறினால் இன்ஜின் மவுண்டிங்கையோ ஸ்பார்க் பிளக்கையோ சந்தேகப்படலாம். என் வண்டி சிம்மக்கல் நெரிசலில் பத்து நிமிடம் நின்றாலும் முனகாது, அதற்குப் போய் மவுண்டிங் மாற்றினார்கள். டிரைவ் ஷாஃப்ட் உண்மையிலேயே போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஆட்டம் கூடும், காலை எடுத்தால் குறையும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் அதன் வெளிப்பக்க ஜாயின்ட். காலி ரோட்டில் அதே வேகத்தில் சில நொடி கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள். அப்போதும் ஆட்டம் குறையாவிட்டால் பார்க்க வேண்டியது சக்கரத்தை, இன்ஜினை அல்ல. சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். "ஆடுது" என்று போனால் அலைன்மென்ட் மட்டும் பார்த்து அனுப்பும் கடைகளும் இருக்கின்றன. ஆட்டம் திடீரென்று வந்து, வேகம் குறைந்தும் போகவில்லை என்றால் மட்டும் எதையும் யோசிக்காமல் ஓரம் கட்டுங்கள். சக்கர நட்டு தளர்ந்திருக்கலாம், டயர் பக்கவாட்டில் வீங்கியிருக்கலாம். இரண்டுமே ஆபத்து.

ஒர்க்ஷாப்புக்குத் திரும்பப் போனேன். கட்டியை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டுதான். "எங்க கடைப் பையன் சாக்கு மாத்திக் காட்டிட்டான் சார்" என்று ஆரம்பித்தவர், நட்டின் படத்தைக் காட்டியதும் பேச்சை மாற்றினார். "சரி சார், 5,000 வச்சுக்கங்க, அடுத்த சர்வீஸ் ஃப்ரீ." எழுதித் தாருங்கள் என்றேன். மாட்டேன் என்றார். நானும் வாங்கவில்லை. அவர் கொடுத்த பில் ஜிஎஸ்டி எண் இல்லாத வெறும் எஸ்டிமேட் தாள். நல்லவேளையாகப் பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்தேன், அந்தப் பதிவு இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் இல்லாமல் நாமே போய் நிற்கலாம்.

புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, தனியாகவும் கேட்காதீர்கள். ஆனால் ஒன்று. அந்தச் சாக்கு என் ஒருவனுக்காகக் கட்டியது என்று நான் நம்பவில்லை. மதுரையில் வேறு யாருக்காவது பழைய பார்ட் என்று ஒரு ஷாஃப்ட்டைக் காட்டி, அதில் கிழிந்த ரப்பர் பூட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட் கோடு இருந்திருந்தால், தேதியோடு எனக்குச் சொல்லுங்கள்.