"விற்பனையைப் பற்றிக் கவலையே படாதீங்க" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

போன செவ்வாய்க்கிழமை ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வீட்டிலிருந்தே மாதம் 30,000 ரூபாய் சம்பாதிக்கலாம், மெஷின் தருகிறோம், பயிற்சி தருகிறோம், நீங்கள் செய்யும் சரக்கை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று போட்டு, கீழே ஊதுபத்தி செய்யும் மெஷின் ஒன்றின் படம். அந்த மெஷினை எனக்கு நன்றாகத் தெரியும். அதே மாதிரி ஒன்று முக்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. கம்பெனி பெயர் வேறு, போன் நம்பர் வேறு, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அதனால்தான் இத்தனை நாள் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்ததை இப்போது எழுதுகிறேன்.

நான் சென்னையில் நம்மூர் அண்ணாச்சி ஒருவரின் மளிகைக் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மளிகைக் கடைக்குத் தடை இல்லை என்றாலும் வியாபாரம் பாதியாகிவிட்டது. அண்ணாச்சி மூன்று பேரை வைத்துச் சமாளிக்க முடியாமல் கையில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, "ஊர்ல போய் இருடே, சரியானதும் கூப்பிடுதேன்" என்றார். இ-பாஸ் வாங்கி மே மாதம் ஊர் வந்து சேர்ந்தேன். அம்மா பீடி சுற்றும் காசில் வீடு ஓடியது. முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து அம்மா இலை வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது ஒரு சொந்தத் தொழில், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்று தேடிக்கொண்டிருந்தேன். இவர்கள் பிடிப்பதே இப்படி இருப்பவர்களைத்தான்.

டிசம்பரில் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசத் தொழில் பயிற்சி முகாம் நடந்தது. எண்பது பேர் வந்திருப்போம். பாதிப் பேர் என்னைப் போல ஊர் திரும்பியவர்கள், மீதி மகளிர் குழுப் பெண்கள். மதியம் சாம்பார் சாதம் கொடுத்தார்கள்.

பேச வந்தவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. இதைக் கவனியுங்கள். 2019 ஆகஸ்டில் மத்திய அரசு ஊதுபத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது உண்மை. 2020 ஜூனில் மூங்கில் குச்சிக்கான இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தியதும் உண்மை. காதி கிராமத் தொழில் ஆணையம் ஊதுபத்திக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியதும் உண்மை. பேப்பர் செய்திகளைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். வெளிநாட்டுப் பத்தி வராது, அத்தனை பத்தியையும் இனி நாம்தான் செய்யணும் என்றார். அப்புறம் அந்த வாக்கியம்: "விற்பனையைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க சார், அது எங்க வேலை."

நான் எட்டு வருஷம் கடையில் ஊதுபத்தி விற்றவன். வாடிக்கையாளர் பெயர் சொல்லித்தான் பாக்கெட் கேட்பார். புதுப் பெயரைக் கடையில் வைக்க வேண்டுமென்றால் கம்பெனிக்காரன் கடன் கொடுக்கணும், டஜனுக்கு ஒன்று இலவசம் கொடுக்கணும், அப்படியும் மூன்று மாதம் தூசி படிந்து கிடக்கும். இந்த மெஷினில் வருவது வாசனை ஏற்றாத வெறும் பத்தி, அதை ஒருவர்கூடக் கேட்டு வந்ததில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் விற்பது உன் கவலை இல்லை என்று ஒருத்தர் சொன்னதும், தெரிந்ததையெல்லாம் யோசிக்கவே தோன்றவில்லை.

கணக்கு இப்படி: மாவும் குச்சியும் அவர்களே தருவார்கள், கிலோ பத்திக்கு 52 ரூபாய் அடக்கம் ஆகும். அவர்கள் திரும்ப எடுப்பது 68 ரூபாய்க்கு. ஒரு நாளைக்கு 80 கிலோ ஓட்டலாம். கிலோவுக்கு 16 ரூபாய் என்று பெருக்கினால் நாள் ஒன்றுக்கு 1,280 ரூபாய். பேப்பரில் எழுதிப் பார்த்தபோது எவ்வளவு அழகாக இருந்தது! மெஷின் 1,35,000 ரூபாய், ஒப்பந்த டெபாசிட் 25,000. சிறுதொழிலுக்கான முத்ரா கடன் வாங்கித் தருகிறோம் என்று ஃபைல் செலவுக்கு 6,000, சிறுதொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவுக்கு 2,500 தனி. உத்யம் பதிவை ஆதார் வைத்து அரசு இணையதளத்தில் ஒரு பைசா செலவில்லாமல் நாமே செய்துகொள்ளலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. முத்ராவுக்கு நேராக வங்கிக்குத்தான் போகணும், இடையில் ஆளே தேவையில்லை. கடைசிவரை அந்தக் கடனும் வரவில்லை.

2021 பொங்கலுக்குத் தாமிரபரணியில் வெள்ளம் போனது பலருக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த வாரம் அம்மாவின் ஆறரைப் பவுனைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து 1,65,000 வாங்கினோம். (அந்த வருஷக் கடைசியில் கூட்டுறவு நகைக்கடனை 5 பவுன் வரை தள்ளுபடி செய்து அரசாணை வந்தது. ஆறரை வைத்த எங்களுக்கு அதுவும் இல்லை. ஒரு சங்கிலியைக் கழற்றாமல் விட்டிருக்கலாம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.) கம்பெனிக்கு 50,000 வங்கி மூலம் போட்டேன். மீதி 1,10,000-ஐ ரொக்கமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி மிச்சம் என்றார்கள். மடையன், கொடுத்தேன்.

பிப்ரவரியில் மெஷின் வந்தது. சொன்ன 80 கிலோ ஒரு நாள்கூட ஓடவில்லை. மாவில் தண்ணீர் கொஞ்சம் கூடினால் பத்தி நெளியும், குறைந்தால் மாவு குச்சியில் ஒட்டாமல் உதிரும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் குச்சி மாட்டி நிற்கும், ஸ்பேனரை எடுத்துப் பிரிக்கணும். நானும் தங்கச்சியும் மாறி மாறி நின்றும் 30 கிலோவைத் தாண்டவில்லை. வீட்டு மின் இணைப்பில் ஓட்டக் கூடாது, குடிசைத் தொழிலுக்கான இணைப்புக்கு எழுதிக் கொடு என்று மின்வாரியத்தில் சொன்னார்கள். முகாமில் யாரும் இதைச் சொல்லவில்லை.

சரி, முதல் சரக்கு. 120 கிலோவை நிழலில் பாய் விரித்து நாலு நாள் காயவைத்து, மூன்று மூட்டையாகக் கட்டி, திருநெல்வேலியில் லாரி புக்கிங்கில் போட்டேன். ஒன்பது நாள் கழித்து போன் வந்தது. ஈரப்பதம் கூடுதல், ரிஜெக்ட், திருப்பி அனுப்புகிறோம், வாடகை உங்களுடையது என்றார்கள்.

மூட்டை வந்தது. வாயைக் கட்டிய நைலான் கயிற்றைப் பார்த்தேன். மளிகைக் கடையில் எட்டு வருஷம் அரிசி மூட்டைக்குப் போட்ட முடிச்சு அது. இரண்டு சுற்று சுற்றி நுனியை உள்ளே திருப்பி இழுத்து, மிச்சக் கயிற்றை இடது பக்கம் மடித்துச் செருகுவேன். பிரித்தவன் யாராக இருந்தாலும் திரும்ப அப்படிக் கட்ட முடியாது. மூன்று மூட்டையிலும் அந்த முடிச்சு அப்படியே இருந்தது. மூட்டையைப் பிரிக்காமலே ஈரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அப்போதே நிறுத்தியிருக்கணும். நிறுத்தவில்லை. மெஷின் சும்மா நிற்கிறதே என்று ஏப்ரலில் இன்னொரு 90 கிலோ அனுப்பினேன். இந்தத் தடவை குச்சி கால் இன்ச் நீளம் குறைவு என்று கழித்தார்கள். குச்சியே அவர்கள் கொடுத்ததுதான். அம்மா பீடிக்கடைக் கழிவெல்லாம் பார்த்தவள். "ஆயிரம் பீடிக்கு அம்பது கழிப்பான், அதுக்கே நாங்க சண்டை போடுவோம். இவன் மூட்டையோட கழிக்கான். ஏல, இவனுக்குப் பத்தியே தேவையில்லலே" என்றாள். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத விஷயத்தை, நாலாவது வகுப்பு படித்த அம்மா பீடி சுற்றும் சுளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அவர்கள் செய்தது மெஷின் வியாபாரம். திரும்ப வாங்குகிறோம் என்பது மெஷினை விற்பதற்கான பேச்சு, அவ்வளவுதான்.

மே மாதம் இரண்டாம் அலை ஊரடங்கு அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஆபீஸ் மூடியிருக்கு என்றார்கள், ஜூனில் போனே போகவில்லை. காவல் நிலையத்தில் இது ஒப்பந்தத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

அப்புறம்தான் பேப்பர்களை எடுத்து வைத்து ஒழுங்காகப் பார்த்தேன். ஜிஎஸ்டி நம்பர் 29 என்று தொடங்கியது. முதல் இரண்டு எண் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. கொடுத்த முகவரியோ தமிழ்நாட்டில். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டால் யார் பெயரில், எந்தத் தேதியில் பதிவு, இப்போது உயிரோடு இருக்கிறதா என்று எல்லாம் காட்டும், அதற்குக் காசு கிடையாது. பேனரில் பதினைந்து வருஷ அனுபவம் என்று போட்டிருந்தார்கள். பதிவு முகாமுக்கு நாலு மாதம் முன்னால்தான் எடுத்தது. இதைப் பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. நகையை வைப்பதற்கு முன்னால் பார்த்திருக்கலாம்.

ஒப்பந்தம் 20 ரூபாய் முத்திரைத் தாளில் இருந்தது. அதில் நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வாங்கப்படும் என்று ஒரு வரி. எது தரம், யார் அளப்பது, எத்தனை நாளில் சொல்லணும் என்று எதுவும் இல்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் கழிக்கலாம். கையெழுத்துப் போடும்போது நான் படித்தது விலை போட்டிருந்த வரியை மட்டும்.

2022-ல் ஒரு வக்கீல் அண்ணன் சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். இது பலருக்குத் தெரிவதில்லை. தொழிலுக்கு வாங்கிய மெஷினுக்கு நுகர்வோர் வழக்குச் செல்லாது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். 2019 சட்டப்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருள் என்றால் நீங்களும் நுகர்வோர்தான். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். உத்தரவு எனக்குச் சாதகமாகத்தான் வந்தது, ஆனால் ரசீது இருக்கும் 50,000-க்கு மட்டும். ரொக்கமாகக் கொடுத்த 1,10,000-க்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அந்த 50,000-ஐயும் வசூலிக்க மனுப் போட்டுக் காத்திருக்கிறேன். அவர்கள் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது.

தொழில் தொடங்காதே என்று சொல்ல நான் யார்? கஷ்ட காலத்தில்தான் கை ஏதாவது செய்யத் தேடும். மாவட்டத் தொழில் மையத்துக்கு நான் எல்லாம் முடிந்த பிறகு போனேன், நீங்கள் முன்னாலேயே போங்கள். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் வரை மானியம் உண்டு. (பீடிக்கு அதில் இடமில்லை, அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.) அந்த மாதிரிக் கடனில் வங்கி கொட்டேஷன் கேட்டு, மெஷின்காரனின் கணக்குக்கே நேராகப் பணம் போடும். ஃப்ராடு ஆள் அந்த இடத்திலேயே கழன்றுகொள்வான். எங்கள் ஆள் "பேங்க் மூலமா வந்தா ஆறு மாசம் ஆகும் சார்" என்று சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது.

நான் பிறகு பத்துக் கிலோ பத்திக்கு வாசனை எண்ணெய் வாங்கி ஊறவைத்து, பாக்கெட் போட்டு, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயில் கூட்டத்தில் விற்றுப் பார்த்தேன். இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. மெஷின் வாங்குவதற்கு முன்னாலேயே, யாரிடமாவது பத்துக் கிலோ விலைக்கு வாங்கி இதைச் செய்து பார்த்திருந்தால் எது போகும், எது போகாது என்று தெரிந்திருக்கும். இப்போது வருஷத்துக்கு நாலைந்து திருவிழாவுக்கு அப்படிச் செய்கிறேன், மற்ற நாளில் உள்ளூர்க் கடை ஒன்றில் வேலை. மெஷினைப் பழைய இரும்புக்காரர் எடை போட்டுக் கேட்கிறார், கொடுக்க மனசு வரவில்லை.

நோட்டீஸில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்று போட்டிருக்கிறது. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது போகப் போவதாகச் சொன்னால், அதற்கு முன்னால் ஒரு நடை முக்கூடலுக்கு வரச் சொல்லுங்கள். மெஷின் மேல் அம்மா பீடிச் சுளவை வைத்திருப்பாள், எடுத்துவிட்டுக் காட்டுகிறேன்.