ரீமாஸ்டர் மறுவெளியீடு என்ற பெயரில் போலித் தட்டு: வாங்குமுன் படியுங்கள்

பிரிட்டனிலிருந்து இயங்கும் ஓர் இணைய இசைத்தட்டுக் கடையில் நான் அண்மையில் மூன்று ஆல்பங்களை வாங்கினேன். மூன்றும் அதிகாரபூர்வ மறுவெளியீடுகள் என்றும், ஒலி புதிதாகச் செம்மைப்படுத்தப்பட்டவை என்றும் விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். வந்து சேர்ந்தவற்றில் ஒன்று பழைய அமெரிக்கக் குறுந்தகட்டின் வீட்டு நகல். இன்னொன்று எம்பி3 கோப்பிலிருந்து அச்சடிக்கப்பட்ட போலி இசைத்தட்டு. மூன்றாவது மட்டும் அசல். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் எழுபதுகள், எண்பதுகளின் ராக், நியூ வேவ் ஆல்பங்களை மறுவெளியீடுகள் வழியாகத் தேடித்தேடிக் கேட்கும் தமிழ் நண்பர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் இதே விதமாகப் பணத்தை இழக்கக்கூடாது என்பதற்காக, நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மறுவெளியீட்டை வாங்குகிறவர் பாடல்களுக்காக மட்டும் பணம் கொடுப்பதில்லை; பாடல்கள் இணையத்தில் எங்கும் கிடைக்கின்றன. எந்த மாஸ்டர் டேப்பிலிருந்து (ஆல்பத்தின் மூல ஒலிநாடாவிலிருந்து), எந்த ஆண்டில், யாருடைய கையால் ஒலி செம்மையாக்கப்பட்டது என்பதற்காகத்தான் அவர் பணம் கொடுக்கிறார். தி ஸ்டூஜஸ் குழுவின் 'ரா பவர்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் வெளியானபோது அதில் இருந்தது பாடகர் டேவிட் போவியின் கலவை, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் அவர் ஒன்றுசேர்த்த விதம். 1997-இல் குழுவின் பாடகர் இகி பாப் தாமே அதை மறுகலவை செய்தபோது, ஒலியளவு உடைந்து சிதறும் அளவுக்கு ஏற்றப்பட்டது. 2010 பதிப்பு மீண்டும் போவியின் கலவைக்குத் திரும்பியது. பெயரும் பாடல்களும் மாறாத அந்த ஆல்பத்தில் 1997 பதிப்பைக் கேட்பவரும் 2010 பதிப்பைக் கேட்பவரும் கேட்பது வெவ்வேறு ஒலிகளை. எனவே எந்தப் பதிப்பு என்ற விவரத்தைப் பொய்யாக எழுதி விற்பது, பொருளையே மாற்றிக் கொடுப்பதற்குச் சமம் என்பது என் உறுதியான கருத்து.

நான் வாங்கிய குறுந்தகடு, எக்ஸ்.டி.சி. குழுவின் 'ஸ்கைலார்க்கிங்'. இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்துக் குழு அது. டாட் ரண்ட்கிரென் தயாரிப்பில் 1986-இல் வெளிவந்த இந்த ஆல்பத்துக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. வெளியான காலத்திலிருந்தே அதன் ஒலி சற்று மெலிந்தும், அடிநாதம் வலுவிழந்தும் இருப்பதாகக் கேட்பவர்களுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்து, மறுவெளியீட்டுக்காக டேப்பைக் கையில் எடுத்த ஒலிச்செம்மைப் பொறியாளர் ஜான் டென்ட் காரணத்தைக் கண்டுபிடித்தார்: பதிவின் துருவம் தலைகீழாக இருந்தது. டிரம்ஸின் பெரிய முரசை அடிக்கும் கணத்தில் ஒலிபெருக்கியின் கூம்பு நம்மை நோக்கி முன்னால் தள்ள வேண்டும். இந்தப் பதிவிலோ அது பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் எங்கோ ஓர் இணைப்பு மாறிப் போனதன் விளைவு அது என்று கருதப்படுகிறது. திருத்தப்பட்ட பதிப்பைக் குழுவின் ஆண்டி பார்ட்ரிட்ஜ் தம் ஏப் ஹவுஸ் நிறுவனத்தின் மூலம் 2010-இல் இசைத்தட்டாகவும், பின்னர் குறுந்தகடாகவும் வெளியிட்டார். பல ஆண்டுகளாகப் பழகிய ஆல்பத்தை முதன்முறையாகச் சரியாகக் கேட்பதற்கு அது வழி செய்தது. எத்தனையோ மறுவெளியீடுகள் பழைய ஒலியை உரக்கப் பேசவைப்பதோடு நின்றுவிடும்போது, உண்மையான பிழை ஒன்றைத் திருத்திய இந்தப் பதிப்பின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

கடையின் விளம்பரத்தில் 'துருவம் திருத்திய பதிப்பு' என்று தெளிவாகவே இருந்தது. படமும் அந்தப் பதிப்பின் படம்தான். கைக்கு வந்த வட்டின் அடிப்பக்கம், ஆலையில் அச்சான குறுந்தகட்டுக்குரிய வெள்ளி நிறத்தில் இல்லாமல் பச்சை கலந்த சாயலுடன் இருந்தது. கணினியில் எழுதக்கூடிய வட்டுகளுக்குத்தான் அந்தச் சாயல் இருக்கும். நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில், எந்த அச்சு என்பதைக் காட்டும் மேட்ரிக்ஸ் எண் இல்லை. 1994 முதல் ஆலைகள் வட்டின் உள்வளையத்தில் பொறிக்கத் தொடங்கிய, அச்சிட்ட ஆலையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.பி.ஐ. குறியீடும் இல்லை. பின்னுறையில் 'மெர்மெய்ட் ஸ்மைல்ட்' என்ற பாடல் அச்சாகியிருந்தது. வட்டிலோ அந்தப் பாடலே இல்லை.

அந்தப் பாடல் காணாமற்போனது தற்செயலான குறைபாடு அன்று. வட்டு எங்கிருந்து நகலெடுக்கப்பட்டது என்பதை அதுதான் காட்டிக்கொடுத்தது. 'டியர் காட்' என்ற பாடல் முதலில் இந்த ஆல்பத்தில் இடம்பெறவில்லை. 'கிராஸ்' என்ற ஒற்றைப்பாடல் வெளியீட்டின் மறுபக்கத்தில்தான் வந்தது. அமெரிக்க வானொலிகள் அதை விரும்பி ஒலிபரப்பத் தொடங்கியதும், அமெரிக்க நிறுவனம் ஆல்பத்தை மறு அச்சிடும்போது 'மெர்மெய்ட் ஸ்மைல்ட்' பாடலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'டியர் காட்' பாடலைச் சேர்த்தது. திருத்திய பதிப்பில் இரண்டு பாடல்களும் உண்டு. ஆகவே 'மெர்மெய்ட் ஸ்மைல்ட்' இல்லாமல் 'டியர் காட்' மட்டும் இருக்கும் வட்டு எண்பதுகளின் அமெரிக்கக் குறுந்தகட்டின் வழிவந்ததாக இருக்க வேண்டும்.

என்னிடம் அந்தப் பழைய அமெரிக்கக் குறுந்தகடு இருந்ததால் ஐயத்தை முழுமையாகத் தீர்த்துக்கொள்ள முடிந்தது. இரண்டிலிருந்தும் ஒரே பாடலைக் கணினிக்கு எடுத்து, ஆடாசிட்டி மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, டிரம்ஸ் முதலில் விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று உண்மையிலேயே திருத்தப்பட்ட பதிப்பாக இருந்தால், ஒன்றின் அலை மேலெழும் இடத்தில் மற்றொன்றின் அலை கீழிறங்க வேண்டும். இங்கே இரண்டும் ஒரே திசையில் எழுந்தன. பிறகு ஒன்றை மட்டும் தலைகீழாக்கி, இரண்டையும் நுண்மையாக ஒருங்கே நிறுத்திக் கூட்டினேன். எஞ்சியது முழு நிசப்தம். தனித்தனியாகச் செம்மையாக்கப்பட்ட இரு பதிப்புகள் ஒருபோதும் இப்படி ஒன்றையொன்று முற்றாக அழித்துக்கொள்ளா. அச்சுப் பிசகாத நகல்கள் மட்டுமே அழித்துக்கொள்ளும். எந்தப் பிழையிலிருந்து விடுபடுவதற்காக இதை வாங்கினேனோ, அதே பிழை கொண்ட பழைய ஒலியைப் புது உறையில் போட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள்.

அடுத்தது டெலிவிஷன் குழுவின் 'மார்க்கீ மூன்' இசைத்தட்டு. '1977 முதல் பதிப்பை அப்படியே பின்பற்றி, மூல அனலாக் டேப்பிலிருந்து வெட்டப்பட்டது, 180 கிராம்' என்று விளம்பரம் கூறியது. வெட்டுவது என்றால், ஒலியைத் தட்டின் வரிப்பள்ளமாகச் செதுக்குவது. உறையின் நிறங்கள் சற்றே மங்கியும் கலங்கியும் இருந்தன. ஆனால் இந்த ஆல்பத்தில் அதை மட்டும் கொண்டு போலி என்று சொல்லிவிட முடியாது. ராபர்ட் மேப்பிள்தார்ப் எடுத்த படத்தை கிட்டார் கலைஞர் ரிச்சர்ட் லாயிட் நகலகம் ஒன்றில் வண்ண நகலெடுத்துவர, நிறம் திரிந்த அந்த நகலையே குழு அட்டைக்குத் தேர்ந்தெடுத்தது என்பது பலரும் அறிந்த செய்தி. போலி அச்சடிப்பவர்களுக்கு இது மிக வசதியான அட்டை. பின்பக்கத்துச் சிறு எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான், எழுத்தின் விளிம்புகள் புள்ளி புள்ளியாகச் சிதைந்திருப்பதும், பழைய உறையொன்றில் தட்டு அழுத்தி உண்டான வட்டத் தேய்மானம் அப்படியே ஸ்கேன் ஆகி அச்சில் வந்திருப்பதும் தெரிந்தன.

ஒலியும் விளம்பரத்தைப் பொய்யாக்கியது. 1977 இசைத்தட்டில் தலைப்புப் பாடல் பத்து நிமிடத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே மெல்லத் தேய்ந்து மறைந்துவிடும். குறுந்தகட்டு மறுவெளியீடுகளில்தான் 10 நிமிடம் 40 விநாடி வரை முழுப் பாடலும் உண்டு. முழுவதையும் கேட்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் முதல் பதிப்பை அப்படியே பின்பற்றியது என்று விற்ற தட்டில் பாடல் கடைசிவரை ஓடுகிறது என்றால், அந்தக் கூற்று பொய்யாகிறது. தட்டைக் கணினியில் பதிவுசெய்து அலைநிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி உள்ளது என்று காட்டும் படத்தை) பார்த்தபோது, 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் இசை நின்றிருந்தது. குறைந்த தரத்து எம்பி3 கோப்புகளின் அடையாளம் அது. அனலாக் டேப்பிலிருந்து வெட்டிய தட்டில் அத்தகைய நேர்க்கோடு வராது. நடுத்துளையும் மையம் விலகியிருந்ததால், நீண்டு ஒலிக்கும் கிட்டார் சுரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கின. டாம் வெர்லைனும் லாயிடும் ஒருவரையொருவர் துல்லியமாகப் பின்னிக்கொண்டு வாசிக்கும் இசைக்கு இதைவிடக் கேடு வேறில்லை. எடை மட்டும் விளம்பரத்தில் சொன்னபடி இருந்தது. எடை கூடுதலாக இருப்பதால் ஒலி நன்றாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

மூன்றாவது ஆல்பத்தில் குறை ஏதுமில்லை. அசலையும் போலியையும் ஒரே பெட்டியில் கலந்து அனுப்புவதால், வாங்கியவர் எளிதில் ஐயப்படமாட்டார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு எல்லா விவரங்களையும் படங்களுடன் எழுதினேன். ஒலி பற்றிய கருத்து அவரவர் ரசனையைப் பொறுத்தது என்றும், மறுவெளியீடுகளுக்குள் அச்சு வேறுபாடுகள் இருப்பது இயல்பு என்றும், உறையின் முத்திரை பிரிக்கப்பட்டுவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்றும் பதில் வந்தது. உறையில் அச்சான பாடல் வட்டில் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. மேட்ரிக்ஸ் எண்ணின் படத்தையும் மொத்த விற்பனையாளரின் பெயரையும் கேட்ட பிறகு பதில்கள் நின்றுவிட்டன. அவர்களுடைய தளத்தில் நான் எழுதிய மதிப்புரையும் நீக்கப்பட்டது.

முத்திரை பற்றிய வாதத்தைக் கேட்டுப் பலர் பின்வாங்கிவிடுவார்கள் என்பதால் அதைச் சற்று விளக்க வேண்டும். பிரிட்டனில் இணையத்தில் வாங்கிய பொருளை, மனம் மாறிவிட்டது என்ற காரணத்துக்காகவே 14 நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு. முத்திரையிட்ட ஒலிவட்டுகளைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்பது உண்மை. ஆனால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வேறு. விற்ற பொருள் விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஒத்திராவிட்டால், முத்திரை பிரிக்கப்பட்டிருந்தாலும், 30 நாட்களுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். முதலாவது சட்டத்தைக் காட்டி இரண்டாவதை மறைப்பதுதான் இந்தக் கடையின் உத்தி.

ரசனை என்ற வாதமும் நிற்காது. ஒலியின் மூலம் எது என்பது விற்பனை விவரணையின் ஒரு பகுதி. 2022-இல் அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், அனலாக் என்று வாங்குவோர் நம்பியிருந்த தன் மறுவெளியீடுகள் பலவற்றில் ஒலியை டிஜிட்டலாக மாற்றும் கட்டம் ஒன்று இருந்ததை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தொடர்ந்து வந்த வழக்கு, 2.5 கோடி டாலர் வரையிலான தீர்வில் முடிந்தது. அந்தத் தட்டுகளின் ஒலி சிறப்பாக இருப்பதாகப் பலரும் பாராட்டியதுண்டு; இருந்தும் பிரச்சினை ஒலி நன்றாக இருந்ததா என்பதைப் பற்றியதாக இருக்கவில்லை.

வங்கி அட்டையில் பணம் செலுத்தியிருந்ததால் சார்ஜ்பேக் (வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெறும்) கோரிக்கை வைத்தேன். குறுந்தகட்டுக்கான தொகை திரும்பி வந்துவிட்டது. உறைக்கும் வட்டுக்கும் உள்ள பாடல் முரண்பாட்டை எவரும் மறுக்க முடியவில்லை. இசைத்தட்டு பற்றிய கோரிக்கை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. கடன் அட்டையில், 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பெட்டித் தொகுப்பு ஒன்றை வாங்குகிறவர்களுக்கு 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், பிரிவு 75 இன்னும் வலுவான பாதுகாப்பைத் தருகிறது. வர்த்தகத் தரநிலை அதிகாரிகளிடம் விஷயம் போக, சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண் வழியாகப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்.

இனி வாங்குகிறவர்கள், பட்டியல் எண், வெளியிட்ட நிறுவனம், ஆண்டு, செம்மையாக்கிய பொறியாளரின் பெயர் ஆகியவற்றை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். விளம்பரப் படத்தை ஏற்காமல், அனுப்பப்போகும் அதே தட்டின் ரன்-அவுட் பகுதியை (பாடல்கள் முடிந்தபின் நடுவில் உள்ள வெற்று வளையத்தை) படமெடுத்து அனுப்பச் சொல்லி, இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையத் தரவுத்தளத்தில் அதே பதிப்புக்கு உள்ள மேட்ரிக்ஸ் எண்ணுடன் ஒப்பிடுங்கள். நேர்மையான கடைக்காரருக்கு இது சில நிமிட வேலை; நான் வழக்கமாக வாங்கும் சிறு கடைக்காரர்கள் கேட்காமலே இதைச் செய்கிறார்கள். ஒலியின் மூலம் பற்றிக் கேட்டால் எடையையும் தட்டின் நிறத்தையும் பற்றியே பேசுகிறவரிடம் வாங்காதீர்கள். விளம்பரப் பக்கத்தை அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் புகார் செய்த பிறகு, கடையின் விளம்பரப் பக்கத்தில் 'மூல அனலாக் டேப்' என்ற சொற்கள் சத்தமில்லாமல் நீக்கப்பட்டன. முன்பே எடுத்துவைத்த படம்தான் இப்போது வங்கியிடம் சான்றாக இருக்கிறது.

இதை எழுதும்போதும் அந்த இரண்டு ஆல்பங்களும் அதே கடையில், அதே படங்களுடன் விற்பனையில் இருக்கின்றன. இதுபோன்ற தட்டு உங்களிடம் ஏற்கெனவே வந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சார்ஜ்பேக் கோருவதற்குப் பொதுவாக 120 நாட்கள்தான் அவகாசம். வட்டின் உள்வளையம், உறையின் பின்பக்கம், அலைநிறமாலை ஆகிய மூன்றின் படங்களையும் இணைத்து முதலில் கடைக்கும், பதில் வராவிட்டால் வங்கிக்கும் எழுதுங்கள்.