கிளிப் டாப்பர்: முடி அருமை, கிளிப்தான் வேதனை

முன்பக்கக் கிளிப் இரண்டையும் பிரித்து, வேறு கிளிப் வைத்துத் தைத்து முடித்த கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. பொருள் இது: உச்சியில் முடி மெலிந்த இடத்தை மறைக்கக் கிளிப்பால் மாட்டிக்கொள்ளும் டாப்பர். 5×5 அங்குல சில்க் பேஸ் (முடி கோத்திருக்கும் அடித்துணி), 16 அங்குல மனித முடி, 130 சதவீத அடர்த்தி, நான்கு கிளிப். விலை பதினைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பதினைந்தாயிரத்தில் கிளிப்புக்காகச் செலவழித்தது இருபது ரூபாய்கூட இருக்காது.

நியாயமாக நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். வகிடு அற்புதம். சில்க் பேஸில் முடிச்சுகள் துணி அடுக்குகளுக்கு நடுவே மறைந்துவிடுவதால், முடி தோலிலிருந்து நேராக முளைத்த மாதிரியே தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. புதிதில் பேஸின் நிறம் நம் தலைத்தோலைவிட வெளுப்பாக இருக்கும், டியூப்லைட் வெளிச்சத்தில் வகிடு மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரியும். முகத்துக்குப் போடும் காம்பேக்ட் பவுடரில் ஒரு படி அழுத்தமான நிறத்தை எடுத்து, சின்ன பிரஷ்ஷால் வகிட்டுக் கோட்டில் மட்டும் ஒற்றினால் அது அடங்கிவிடும். வகிட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் நாலைந்து முடியை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டால், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த தோற்றமும் போய்விடும்.

எதிர்பாராத சந்தோஷம் குங்குமம் விஷயத்தில். டாப்பரை நெற்றி ஓரத்திலேயே வைக்காமல் அரை முதல் முக்கால் அங்குலம் பின்னால் தள்ளி வைத்தால், முன்னால் சொந்த வகிடு கொஞ்சம் தெரியும். குங்குமத்தை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். சில்க்கில் குங்குமம் பட்டால் கறை போகாது, திரவக் குங்குமம் என்றால் இன்னும் மோசம். முன்னால் சொந்த முடி கலந்திருப்பதால் டாப்பர் எங்கே ஆரம்பிக்கிறது என்றும் கண்டுபிடிக்க முடியாது. பெண்களுக்கு வரும் பரம்பரை முடி மெலிவில் நெற்றி முடிக்கோடு பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. வகிடு அகலமாகும், உச்சி தெரிய ஆரம்பிக்கும். 1977-இல் லுட்விக் என்ற தோல் மருத்துவர் இதை மூன்று படிநிலைகளாக வகுத்தார். முதல் இரண்டு படியில் இருப்பவர்களுக்கு டாப்பர் சரியாக வரும். தலை முழுக்க மெலிந்தவர்களுக்கும், புழுவெட்டு பரவியவர்களுக்கும் கிளிப் பிடிக்க இடமே இருக்காது, அவர்கள் விக் பக்கம் போவதுதான் நல்லது. பிரசவமோ கடுமையான காய்ச்சலோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக்கொத்தாகக் கொட்டினால், அது பெரும்பாலும் தானே திரும்பி வளர்ந்துவிடும். அவர்கள் அவசரப்பட்டுப் பணத்தைப் போடாமல், முதலில் தோல் மருத்துவரிடம் காட்டி தைராய்டும் இரும்புச்சத்தும் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி கிளிப்புக்கு வருகிறேன்.

முன் கிளிப் இரண்டும் வகிட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம் என்று தைத்து வருகின்றன. வகிடு அகலமாகிறவர்களுக்குத் தலையிலேயே பலவீனமான முடி அந்த இடத்தில்தான் இருக்கிறது. டாப்பரின் எடை முழுக்க அந்த நாலைந்து இழையில் தொங்குகிறது. நீள முடியைப் பின்னலோடு சேர்த்துப் பின்னினால், குனிந்து நிமிரும்போதெல்லாம் பின்னல் பின்னால் இழுக்கும், அந்த இழுப்பு நேராக முன் கிளிப்பில் போய் விழும். நம் ஊரில் காலங்காலமாக வைத்த சவுரியில் இந்தத் தொல்லை கிடையாது. அது பிடரிப் பக்கத்துப் பின்னலோடு சேர்த்துப் பின்னுவது, பிடரி முடி திடமானது, தாங்கும். டாப்பரோ, எங்கே முடி குறைவோ அங்கேயே பிடித்துத் தொங்குகிறது.

தினமும் ஒரே இடத்தில் இழுபட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்த விஷயம்தான். முதலில் சாயங்காலம் கழற்றும்போது அந்த இடம் மட்டும் வலிக்கும். பிறகு வேர்க்காலைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் வரும். அதற்கப்புறம் ஒரு அங்குல நீளத்தில் ஒடிந்த முடிகள் குத்திட்டு நிற்கும். இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் முடி திரும்ப வரும். கண்டுகொள்ளாமல் வருடக்கணக்கில் விட்டால் வேர்க்கால் தழும்பாகிவிடும், பிறகு அங்கே எந்த மருந்துக்கும் முடி வளராது. மறைக்க வாங்கிய பொருளே மெலிவை அதிகமாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. இதைப் பெட்டியில் ஒரு வரியாகக்கூட அச்சடிக்காதது அதைவிடப் பொறுக்கவில்லை.

கிளிப்பின் தரமும் சொல்லும்படி இல்லை. பல்லுக்கு மேல் ஒரு மெல்லிய சிலிகான் குழாய் இருக்கும், முடி வழுக்காமல் பிடிப்பது அதுதான். எண்ணெயும் வியர்வையும் பட்டு அது தளர்ந்து ஒரு பக்கமாக நகரும், ஒருநாள் கழன்றே விழும். அப்புறம் வெறும் இரும்புப் பல் தலைத்தோலில் குத்தும். வளைந்த கை சேரும் முனையில் ஒரு சின்ன ஆணி இருக்கிறது, அதன் இடுக்கில் முடி சிக்கிக்கொள்ளும். கவனிக்காமல் கழற்றினால் வேரோடு வரும். என் கிளிப்பில் அந்த ஆணியைச் சுற்றித்தான் முதலில் துரு பிடித்தது. பழுப்பு நிறத்தில் பேஸின் ஓரப் பட்டியிலும் கறை இறங்கிவிட்டது, துவைத்தும் போகவில்லை. மேல்பூச்சு உரிந்தால் உள்ளே இருக்கும் நிக்கல் தோலில் படும். கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறவர்களுக்குத் தலையும் அரிக்கும்.

தீர்வு இல்லாமல் இல்லை. 28 மி.மீ. கிளிப்பை எடுத்துவிட்டு 38 மி.மீ. வையுங்கள். இழுப்பு அதிக முடிகளுக்குப் பிரியும், ஒவ்வொன்றுக்கும் சுமை குறையும். முன் கிளிப்பை வகிட்டுப் பக்கத்திலிருந்து நகர்த்தி, பேஸின் முன் மூலையில் சாய்வாக, காதைப் பார்த்த மாதிரி வைத்தால் பக்கவாட்டு முடியைப் பிடிக்கும். அங்கே முடி திடமாக இருக்கும். துருப்பிடிக்காத ஸ்டீல் கிளிப் என்று கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம்தான் கூடும்.

மாற்றும் வேலை ஒரு மணி நேரம் பிடிக்கும். பிரிக்குமுன் பழைய கிளிப் எந்தப் பக்கம் திறக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகத் தைத்துவிட்டுத் திரும்பப் பிரிப்பதுதான் எல்லோருக்கும் நடக்கிறது. டாப்பரின் முடியை மேலே வாரி ரப்பர் பேண்ட் போட்டு ஒதுக்கிவிட்டு, பேஸைக் கவிழ்த்து ஒரு கெட்டியான தலையணைமேல் குண்டூசியால் நிறுத்துங்கள். நகம் வெட்டும் சின்னக் கத்தரியால் கிளிப் ஓட்டைக்குள் இருக்கும் நூலை மட்டும் வெட்டுங்கள், துணிப் பக்கம் முனை போகக் கூடாது. கறுப்பு நைலான் நூலை இரட்டையாகக் கோத்து, ஓரத்தில் ஓடும் கெட்டிப் பட்டியில் மட்டும் தையுங்கள். நடு வலையிலோ சில்க்கிலோ ஊசி இறங்கினால் முடிச்சு அவிழ்ந்து அந்த இடத்தில் முடி கொட்டும். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஐந்தாறு சுற்று, இரண்டு முனையிலும் முடிச்சு. அசையாத அடிப்பட்டியை மட்டும் தையுங்கள், வளைந்து திறக்கும் கையைச் சேர்த்துத் தைத்தால் கிளிப் திறக்காது. கடைசியில் நாலு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு நூலை அறுக்கலாம்.

மாட்டுகிற முறையிலும் பாதி வலி குறையும். கிளிப் உட்காரும் இடத்தில் ஒரு விரல் அகல முடியை எடுத்து, வேர்ப் பக்கம் சீப்பால் இரண்டு மூன்று முறை எதிர்வாட்டில் வாரினால் சின்ன மெத்தை மாதிரி ஆகும், பல் அதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் முன் கிளிப், பிறகு பேஸை முன்பக்கமாக நூலளவு தளர்த்திவிட்டுப் பின் கிளிப், கடைசியில் பக்கங்கள். தளர்த்தாமல் இறுக்கி இழுத்து மாட்டினால் மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடும். ஒருநாள் வைத்த இடத்துக்குக் கால் அங்குலம் முன்னே பின்னே மாற்றி வையுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிவிடுங்கள், போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது.

எண்ணெய் வைத்த தலையில் கிளிப் நிற்காது. தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள் முதல் நாள் இரவு வைத்துக் காலையில் அலசிவிட்டு, தலை நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டட்டும். முடி வளர மினாக்ஸிடில் மருந்து தடவுகிறவர்களும் இரவில் தடவிக்கொள்வது நல்லது, ஈரத்தின்மேல் பேஸை வைத்து மூடக் கூடாது. மல்லிகைச் சரத்தை டாப்பரில் குத்தாதீர்கள். ஈரப் பூவின் கனம் கிளிப்பை இழுக்கும், ஊசி பேஸைக் கிழிக்கும். சொந்தப் பின்னலில், காதுக்குக் கீழே வையுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட் பெரிய பிரச்சனை. கிளிப்பைத் தலையோடு அழுத்தும், கழற்றும்போது டாப்பரையும் சேர்த்து முன்னால் இழுக்கும். உள்ளே வழுவழுப்பான சாட்டின் துணி ஒன்று கட்டிக்கொண்டால் ஓரளவு தாங்கும். தினமும் ஓட்டுகிறவர்கள் அலுவலகம் போய் மாட்டிக்கொள்வதே மேல்.

அளவு எடுக்க டேப் மட்டும் போதாது. தலைமேல் சமையலறை பிளாஸ்டிக் தாளை இறுக்கிப் போட்டு, தோல் தெரிகிற இடத்தை மார்க்கரால் சுற்றி வரையுங்கள். அதற்கு வெளியே எல்லாப் பக்கமும் அரை அங்குலமாவது கூட்டுங்கள், கிளிப் உட்காருவது அந்தக் கூடுதல் இடத்தில்தான். 3×5 விலை குறைவு என்று வாங்கினால் நான்கு கிளிப்பும் மெலிந்த முடியிலேயே போய் விழும். என்னைக் கேட்டால், 5×5-உம் பலருக்குச் சிறிது. அடர்த்தி 150 வேண்டாம். பக்கவாட்டில் மெல்லிய முடியும் உச்சியில் குவியலுமாக இருந்தால் பார்த்த உடனே தெரியும். நீளத்தைச் சொந்தப் பின்னலோடு ஒத்துப் பாருங்கள், 16 அங்குல முடி இடுப்பு வரை போகிற பின்னலில் நடுவில் முடிந்து முனை முனையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

முடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருமலையிலும் பழனியிலும் மொட்டையடித்துச் சேரும் முடி, வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கம் என்று ஒரே வாட்டில் இருக்கும், சிக்காது. வீடு வீடாக வாங்கும் சிக்கு முடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். அதற்கு மேலே சிலிகான் பூசிப் பளபளப்பாக விற்பார்கள், நாலைந்து அலசலில் பூச்சு போனதும் கழுத்துப் பக்கம் பந்து பந்தாகச் சுருண்டுவிடும். பிளாஸ்டிக் இழை கலந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், ஒற்றை இழையை நெருப்பில் காட்டுங்கள். மனித முடி பொசுங்கிச் சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும்.

அலசுவது பத்துப் பன்னிரண்டு முறை மாட்டிய பிறகு ஒருதரம் போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற இடத்தில் முடி தேங்காய் நார் ஆகிவிடும், கடைசி அலசலையாவது கேன் தண்ணீரில் செய்யுங்கள், ஒரு பெரிய சொம்பு போதும். கண்டிஷனர் நடுவிலிருந்து நுனி வரைதான், பேஸில் பட்டால் முடிச்சு தளரும். முறுக்கிப் பிழியாதீர்கள். நிழலில் காயவையுங்கள், வெயில் பட்டால் சாயம் ஏற்றிய கறுப்பு செம்பட்டையாக மாறும்.

சில்க் பேஸின் இன்னொரு குறை சூடு. சித்திரை, வைகாசியில் வியர்வை பேஸுக்கு அடியில் சேர்ந்து நெற்றியில் வழியும். முன்னால் மூன்று அங்குலம் மட்டும் சில்க், மீதி காற்றோட்டமான மோனோ வலை என்று வருவது நம் வெயிலுக்குப் பொருத்தம்.

வகிட்டுக்கும் முடிக்கும் இவ்வளவு பாராட்டு சொன்ன பிறகும், இதே டாப்பரை இதே கிளிப்போடு வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்துக்கு இரண்டு. விலை இறங்கியிருக்கிறதே, வாங்கட்டுமா என்று தோழி ஒருத்தி கேட்டிருக்கிறாள். அவளுக்கு என் பதில்: இதை விட்டுவிட்டு, முன்னால் சில்க், பின்னால் மோனோ, 6×7 அங்குலம், 120 அடர்த்தி என்று பார். ஆர்டர் போடுமுன் கிளிப் தைக்காமல் அனுப்ப முடியுமா என்று கேள். சில இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டால், 38 மி.மீ. ஸ்டீல் கிளிப் ஆறு தனியாக வாங்கிக்கொண்டு வா, உன் தலையில் எங்கே முடி திடமாக இருக்கிறது என்று பார்த்துத் தைத்துக்கொள்ளலாம்.