இணைய விளையாட்டில் புதியவருக்கு எது நியாயம்: திறன் புள்ளியா, 'பாட்' (bot) என்ற கணினி எதிரியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பொழுது சாய்ந்தால் ஒட்டுக்கடை வைஃபையைச் சுற்றித்தான் இருப்பார்கள். அக்கா மகன் மூன்றே ஆட்டத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டான். "எனக்கு வராது மாமா." விளையாட்டு அவனோடு மோதவிட்ட ஆள் அவ்வளவு கெட்டிக்காரர்.

வெற்றி தோல்வியை வைத்து ஒவ்வொருவரின் திறமைக்கும் புள்ளி போடும் திறன் புள்ளி முறை சதுரங்கத்திலிருந்து வந்தது. அர்பாத் ஈலோ வகுத்த கணக்கை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. திறன் புள்ளி 200 கூடுதலாக உள்ளவர் 100 ஆட்டத்தில், வெற்றிக்கு ஒன்று, சமநிலைக்கு அரை என்று எண்ணினால், சுமார் 76 எடுப்பார் என்று அது சொல்லும். அதனால் நெருங்கிய புள்ளிக்காரர்களைச் சேர்த்தால் தோல்விகூடப் பாடமாகும். ஆனால் புதிதாக வந்தவனின் புள்ளி வெறும் ஊகம். சில ஆட்டம் போனால்தான் சரியாகும். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் புதுக் கணக்கு திறந்து கீழே இறங்கி அடிப்பது அந்த இடைவெளியில்தான். அது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

பாட் முறையில் எதிரி கணினி. ஃபோர்ட்நைட் என்ற சுடும் விளையாட்டு 2019இல் இரண்டையும் சேர்த்தே கொண்டுவந்தது. பயமில்லாமல் விசை பழகலாம், காத்திருப்பும் குறைவு. ஆனால் வென்றது மனிதரை என்று பையன் நம்பினால், அது ஏமாற்று. பாட் என்று திரையில் எழுதிவிட வேண்டும்.

என் தேர்வு திறன் புள்ளிதான். முதல் பத்து ஆட்டம் மட்டும், பாட் என்று சொல்லியே, கணினி எதிரியோடு. மருமகனுக்கும் அப்படித்தான் பயிற்சி அறையில் தொடங்கிக் கொடுத்தேன். நேற்று அவனே கடைக்குக் கூப்பிட்டான்.