கார்பன் கிரெடிட்: பிளான் வீவோவா, வெர்ராவா?

கோலாலம்பூரில் சிறு நிறுவனம் நடத்தும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கார்பன் கிரெடிட் என்பது, காடு காத்தல் போன்ற திட்டங்கள் குறைத்த கரியமில வாயுவுக்கான சான்று; தங்கள் உமிழ்வை ஈடுகட்ட நிறுவனங்கள் அதை வாங்குகின்றன. பிளான் வீவோவும் வெர்ராவும் அத்திட்டங்களுக்கு விதிகள் வகுத்து முத்திரை தரும் அமைப்புகள்.

பணம்: பிளான் வீவோவில் கிரெடிட் விற்ற வருமானத்தில் குறைந்தது 60 விழுக்காடு உள்ளூர் மக்களுக்குப் பயன்பட வேண்டும். வெர்ரா அப்படி ஒரு பங்கை நிர்ணயிக்கவில்லை.

ஒப்புதல்: இதுதான் உயிர்நாடி. 2021இல் மலேசியாவின் சபா மாநிலத்தில் சுமார் 20 லட்சம் ஹெக்டர் காட்டுக்கு 100 ஆண்டு கார்பன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே வாழும் பூர்வகுடியினர் பலருக்கு அது செய்தியில் வந்த பிறகே தெரிந்தது. எவ்வளவு பெரிய அநியாயம்! அதனால் எந்த முத்திரையாக இருந்தாலும், அம்மக்கள் முன்கூட்டியே அறிந்து, வற்புறுத்தல் இல்லாமல் சம்மதித்ததற்கான ஆவணத்தைக் கேளுங்கள்.

கிடைப்பது: வெர்ரா தாராளம், பிளான் வீவோ குறைவு.

அதிக அளவு வேண்டுமா? சமூக நலனைச் சோதிக்கும் சிசிபி சான்றிதழும் சேர்ந்த வெர்ரா சரி. கொஞ்சம் போதுமென்றால் பிளான் வீவோவையே வாங்குங்கள்.