பிரெஞ்சு ராப்பா, ஜெர்மன் ராப்பா?

ஆங்கிலம் தாண்டி ராப் கேட்க நினைப்பவர் எதில் தொடங்கலாம்? என் ஓட்டு பிரெஞ்சுக்குத்தான். அந்த மொழியில் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் விழும். இயைபு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் 'வெர்லான்' என்ற தெருப்பேச்சு இருக்கிறது. அசைகளைத் தலைகீழாகப் புரட்டிவிடுவார்கள்: பெண்ணைக் குறிக்கும் 'ஃபாம்' அதில் 'மெஃப்' ஆகிவிடும். செனகல் நாட்டுத் தாக்கரில் பிறந்த ராப் பாடகர் எம்.சி. சோலாரின் முதல் ஆல்பம் (1991) நல்ல வாசல். கொஞ்சம் கரடுமுரடாக வேண்டுமென்றால் மார்செய் நகரத்து ஐயாம் குழு. வானொலிகள் 40 சதவீதம் பிரெஞ்சுப் பாடல் போட வேண்டும் என்று 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் ராப்புக்குக் கைகொடுத்தது.

ஜெர்மன் முதலில் காதில் இடிக்கும். மெய்யெழுத்துகள் கொத்துக் கொத்தாக வருவதால் வாயே டிரம் அடிப்பது போலிருக்கும். ஸ்டுட்கார்ட்டின் டீ ஃபன்டாஸ்டிஷன் ஃபியர் குழுவினர் 1992இல் ஜாலியான பாட்டால் பெயர் வாங்கினார்கள். அதே ஆண்டு ஹைடல்பெர்க்கின் 'அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரி' குழுவினர், ஜெர்மன் பாஸ்போர்ட் கையில் இருந்தும் அந்நியராகப் பார்க்கப்படுவதைப் பாடினார்கள். சரி, ஜெர்மன்தான் வேண்டும் என்றால், வரிகளின் அர்த்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவர்களைக் கேளுங்கள்.