மர்ஃபியின் நீல அட்டைப் புத்தகம்: இஃப், வெதர், அன்லெஸ் பாடங்கள் எப்படி?

ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' கேம்பிரிட்ஜ் வெளியீடாக 1985-இல் முதலில் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2019-இல் வந்தது. அதில் 145 பாடங்கள். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, அவ்வளவுதான் ஒரு பாடம். முழுப் புத்தகத்தையும் புகழ நிறைய பேர் இருக்கிறார்கள். நிபந்தனையும் ஐயமும் காட்டும் சொற்களில் தடுமாறும் தமிழருக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் திறக்க வேண்டியது 25-ஆம் பாடத்தின் கடைசிப் பகுதி: 'வென்' எங்கே, 'இஃப்' எங்கே என்பது. நமக்கு '-ஆல்' விகுதி ஒன்றே இரண்டு வேலையும் பார்த்துவிடுகிறது. 'மணி ஒன்பதானால் கடையைச் சாத்திவிடுவார்', 'மழை வந்தால் கடையைச் சாத்திவிடுவார்'. ஒன்பது மணி வந்தே தீரும், ஆகவே 'வென்'. மழை வரலாம், வராமலும் போகலாம், ஆகவே 'இஃப்'. 'இஃப் ஐ ரீச் ஹோம், ஐ வில் கால் யூ' என்று எழுதினால் வீடு போய்ச் சேருவதே சந்தேகம் என்று ஆகிவிடும். மர்ஃபி இதைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். தமிழருக்கு அது போதாது என்றாலும் விதி தெளிவாக இருக்கிறது. பிறகு 38, 39, 40 மூன்றையும் வரிசை மாறாமல் படியுங்கள்: நடக்கக்கூடியது, கற்பனை, கடந்துபோய்விட்டது.

புத்தகத்தின் அருமையான பக்கம் 114. 'இன் கேஸ்' என்பதும் 'இஃப்' என்பதும் ஒன்றல்ல என்று தனியாக எடுத்துச் சொல்கிறது. 'டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்' என்றால் குடையை இப்போதே எடுத்துக்கொள். மழை வந்தாலும் வராவிட்டாலும் குடை கையில் இருக்கும். அங்கே 'இஃப்' போட்டால் மழை பெய்தால்தான் குடை. நம் அலுவலக மெயில்களில் 'கால் மீ இன் கேஸ் தி சர்வர் கோஸ் டவுன்' என்று எழுதுவோம். சர்வர் படுத்தால் கூப்பிடு என்று அர்த்தம். பிரிட்டிஷ் வழக்கில் பழகியவர் இதைப் படித்தால், படுத்துவிடக்கூடும் என்பதற்காக முன்கூட்டியே கூப்பிடச் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க வழக்கில் 'இஃப்' பொருளிலும் இது புழங்குகிறது, ஆனால் மர்ஃபி பேசுவது பிரிட்டிஷ் ஆங்கிலம். அறிவிப்புப் பலகைகளில் வரும் 'இன் கேஸ் ஆஃப் ஃபயர்' வேறு கணக்கு என்பதும் அதே பாடத்தில் உண்டு.

அடுத்தது 115: 'அன்லெஸ்', 'ஆஸ் லாங் ஆஸ்', 'ப்ரொவைடட்'. எதிர்காலத்தைச் சொன்னாலும் இவற்றின் பின்னால் 'வில்' வராது என்ற எச்சரிக்கை முக்கியம். 'அன்லெஸ் யூ வில் பே' என்று எழுதுபவர்கள் ஏராளம். அதைவிடப் பெரிய தொல்லை 'அன்லெஸ் யூ டோண்ட் பே'. தமிழில் 'கட்டாவிட்டால்' என்று எதிர்மறை வினைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால், 'அன்லெஸ்' போட்ட பிறகும் கை தானாக ஒரு 'டோண்ட்' சேர்த்துவிடுகிறது. பல இடங்களில் 'அன்லெஸ்' இருக்குமிடத்தில் 'இஃப்... நாட்' போடலாம் என்கிறது புத்தகம். அதைத் தலைகீழாக்கினால் உதைக்கும். 'அவர் வராவிட்டால் எனக்கு நிம்மதி' என்பதில் வராததுதான் நிம்மதிக்குக் காரணம். அங்கே 'இஃப் ஹி டஸ்ண்ட் கம்' மட்டுமே சரி. ஏற்கெனவே முடிவான ஒன்றுக்கு விதிவிலக்கு சொல்லும்போதுதான் 'அன்லெஸ்'. 'ப்ரொவைடட்' எப்போதும் வேண்டிய ஒன்றுக்குப் போடும் நிபந்தனை. 'மழை பெய்தால் ஆட்டம் ரத்து' என்பதில் அதைப் போட்டால், ரத்தாக வேண்டும் என்று ஆசைப்படுவது போல ஒலிக்கும்.

குறை 'வெதர்' (whether, வானிலை அல்ல) விஷயத்தில். அதற்கென்று தனிப்பாடம் இல்லை. கேள்வியை வாக்கியத்துக்குள் அடக்கும் 50-இல் கொஞ்சம், 'டு' சேர்ந்த வினைகளைச் சொல்லும் 54-இல் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. பாடத்தின் ஓரத்தில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் 'அபவுட்', 'ஆன்' போன்ற சொல் வந்தாலோ, பின்னால் 'டு' வந்தாலோ, 'ஆர் நாட்' உடனே ஒட்டிக்கொண்டு வந்தாலோ 'வெதர்' தான்; 'இஃப்' அங்கே நிற்காது. மெயிலில் இன்னொரு சங்கடம் உண்டு. 'லெட் மீ நோ இஃப் யூ ஆர் கமிங்' என்று எழுதினால், வந்தால் மட்டும் சொன்னால் போதும் என்று எதிராளி வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். 'வெதர்' போட்டால் வருகிறேன், வரவில்லை இரண்டுக்கும் பதில் கேட்கிறீர்கள். சாப்பாட்டுக்குத் தலை எண்ண வேண்டியவர்களுக்கு இந்த ஒரு சொல் முக்கியம்.

'டவுட்', 'சஸ்பெக்ட்' வேறுபாட்டுக்கு இதில் பாடம் இல்லை. இலக்கண நூலில் எதிர்பார்க்கவும் கூடாது, ஆனால் நமக்கு ஆபத்து அங்கேதான். இரண்டையும் நாம் 'சந்தேகம்' என்றே சொல்கிறோம். 'ஐ டவுட் ஹி டுக் த மனி' என்றால் அவர் எடுத்திருக்க மாட்டார் என்று அர்த்தம். எடுத்திருப்பார் என்று தோன்றினால் 'ஐ சஸ்பெக்ட்'. ஆளையே மாட்டிவிடும் அளவுக்கு நேரெதிர். இதற்கு, படிப்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட நல்ல அகராதி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

பயிற்சிகளில் ஒரு ஓட்டை உண்டு. 'இன் கேஸ்' பாடத்தில் உட்கார்ந்திருக்கும்போது விடை 'இன் கேஸ்' ஆகத்தான் இருக்கும் என்று பாதி தெரிந்துவிடுகிறது. எனவே பாடம் முடிந்ததும் ஒரு வாரம் விட்டு, பின்பகுதியில் பல பாடங்களைக் கலந்து தந்திருக்கும் கூடுதல் பயிற்சிகளைப் பென்சிலில் போட்டுப் பாருங்கள். அங்கே தவறினால்தான் உண்மையில் எது புரியவில்லை என்று தெரியும்.

வாங்கும்போது விடைகள் உள்ள பதிப்புதானா என்று அட்டையைப் பாருங்கள். விடையில்லாத பதிப்பும் விற்கிறது, ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்கு அதனால் பயனில்லை. பழைய புத்தகக் கடையில் 'இண்டர்மீடியட் இங்கிலீஷ் கிராமர்' என்று கிடைப்பது தெற்காசிய மாணவர்களுக்காக வந்த இதே மர்ஃபியின் முந்தைய வடிவம். விதிகள் மாறவில்லை, விலையும் குறைவு. மேலே சொன்ன பாட எண்கள் மட்டும் அதில் ஒத்துவராது, பின்னால் உள்ள சொல்லடைவில் தேடிக்கொள்ள வேண்டும்.